கடிவாய்க்கும் நரம்புக்கும் நடுவே

(ஹாலிஎலயில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வைரசு ஒரு கலத்துக்குள் எப்படி நுழைகிறது, நுழைந்ததும் தன் மரபுப்பொருளை எப்படி அவிழ்த்துவிடுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "இதை உயர்தரப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், தோட்டத்துச் சனத்துக்கு எதற்கு?" என்று கேட்டார். தோட்டத்துச் சனத்துக்குத்தான் இது முதலில் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். ஏன் என்பதை, எங்கள் லயத்துக்கு எதிர் லயத்தில் இருந்த ஒரு மாமாவிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த காலம். மாமா ஒரு செவலை நாய் வளர்த்தார். ஒருநாள் அது வாயைத் திறந்தபடி எச்சில் வடிய நின்றது. சோற்றை முகர்ந்து பார்க்கும், விழுங்காது. தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று மாமா நினைத்தார். அதன் தலையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு, வாய்க்குள் கையை விட்டுத் துழாவினார். எலும்பு ஒன்றும் அகப்படவில்லை. கையை எடுக்கும்போது பெருவிரலில் பல் கீறி இரண்டு சொட்டு ரத்தம் வந்தது. அத்தை கோப்பித்தூளை வைத்து அழுத்தினார். "கடிக்கவா செஞ்சுச்சு, பல்லுத்தானே பட்டுச்சு" என்றார் மாமா. இரண்டு நாளில் நாய் செத்தது. தேயிலைக்குக் கீழே குழி வெட்டிப் புதைத்தோம். மண் தள்ளிய பிள்ளைகளில் நானும் ஒருவன்.

மூன்று மாதம் போனது. கவ்வாத்து மலையில் நின்ற மாமா, பெருவிரலில் எறும்பு ஊர்கிறாற்போல் இருக்கிறது என்றார். காயம் என்றோ ஆறி, வடுகூடத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் அத்தை பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். கோப்பை உதட்டருகே போனதும் கழுத்து புடைத்துத் தொண்டை இழுத்துக்கொண்டது. தேத்தண்ணீர் சுவரில் தெறித்தது. அவருக்குத் தாகம் இருந்தது. மறுபடியும் கேட்டார். மறுபடியும் அப்படியே ஆனது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

அந்தப் பெருவிரலில் இறங்கியது மூன்று மாதமாக எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பதில் கிடைத்தபோது எனக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கிடைத்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

மாமாவைக் கொன்றது விசர்நாய்க்கடி வைரசு. அது துப்பாக்கி ரவை வடிவமானது. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. நீளம் ஏறக்குறைய 180 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் இடத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவற்றைத் தலைமாடு கால்மாடாக அடுக்கிவிடலாம். வாயும் வயிறும் மூச்சும் அதற்கு இல்லை. உள்ளே ஆர்என்ஏ என்ற ஒரே ஒரு நூல். அதில் சுமார் 12,000 எழுத்துகள், ஐந்தே ஐந்து புரதங்களுக்கான குறிப்பு. அந்த நூலைச் சுற்றிப் புரதம், அதற்கு வெளியே மெல்லிய கொழுப்பு உறை. கொழுப்பும் அதற்குச் சொந்தமானதில்லை. முந்திய கலத்தை விட்டு வெளியேறியபோது அதன் மென்சவ்விலிருந்து சுற்றிக்கொண்டு வந்தது. உறைமேல் நானூறு முட்கள் வரை நிற்கும். இந்தக் கொழுப்பு உறையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திரும்பி வருவேன்.

வைரசில் எது நோய் செய்கிறது, உறையா, உள்ளே இருக்கும் எழுத்தா என்று ஒரு காலத்தில் வாதம் நடந்தது. 1952இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுகூடத்தில் ஆல்பிரட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் அதைச் சோதித்தார்கள். பற்றீரியாவைத் தாக்கும் ஒருவகை வைரசை எடுத்து, அதன் புரதத்துக்குக் கதிரியக்கக் கந்தகத்தாலும், மரபுப்பொருளான டிஎன்ஏக்குக் கதிரியக்கப் பொசுபரசாலும் அடையாளம் இட்டார்கள். வைரசு பற்றீரியாமேல் ஒட்டியதும், சமையலறையில் பழச்சாறு அடிப்பதுபோன்ற பிளெண்டரில் போட்டுச் சுழற்றினார்கள். வெளியே ஒட்டியிருந்த கூடுகள் கழன்றன. கந்தகம் பெரும்பாலும் கூட்டோடு போயிற்று. பொசுபரசு பற்றீரியாவுக்குள் இறங்கியிருந்தது. கூடு வாசலிலேயே நின்றுவிட்ட பிறகும் உள்ளே புதிய வைரசுகள் பிறந்தன. எழுத்து உள்ளே போனால் போதும் என்பது அன்று தெளிவானது.

அந்த வைரசு ஊசி போடுவதைப்போல டிஎன்ஏயை உள்ளே செலுத்தும். பற்றீரியாவுக்குக் கலச்சுவர் இருப்பதால் அந்த வழி. தேயிலை போன்ற தாவரங்களுக்கு இன்னும் தடித்த சுவர் உண்டு. ஆகவே தாவர வைரசுகள் காயத்துக்காகவோ பூச்சிக்கடிக்காகவோ காத்திருக்கும். நம் உடம்பின் கலத்துக்குச் சுவர் கிடையாது, மென்சவ்வு மட்டுமே. அங்கே வைரசு எதையும் உடைப்பதில்லை. கலமே தன் கையால் அதை எடுத்து உள்ளே வைத்துக்கொள்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகுந்த துயரம் தந்த உண்மை இதுதான்.

பெருவிரலுக்கே வருவோம். விரலை மடக்கு என்று நரம்பு சொல்லும்போது, நரம்பின் நுனியிலிருந்து அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் சொட்டும். தசையின் மேல் அதை ஏந்திக்கொள்ள வாங்கிகள் இருக்கின்றன. 1982இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோமஸ் லென்ட்ஸும் அவருடைய குழுவினரும், விசர்நாய்க்கடி வைரசு வந்து ஒட்டுவது இந்த வாங்கியில்தான் போலிருக்கிறது என்று காட்டினார்கள். இரண்டு ஆண்டு கழித்து இன்னொன்றையும் கண்டார்கள். வைரசு முள்ளின் ஒரு பகுதியும் பாம்புகளின் நரம்பு நஞ்சும் பல எழுத்துகளில் ஒத்துப்போகின்றன! நாகம் கடித்தவரின் கை கால் துவள்வது அந்த நஞ்சு இதே வாங்கியை அடைத்துக்கொள்வதால்தான். கொழுந்து மலையில் பாம்புக்குப் பயந்து பயந்து நடக்கிறோம். அந்தப் பாம்பு குறிவைக்கும் அதே இடத்தை லயத்து நாயின் எச்சிலில் இருக்கும் ஒன்றும் குறிவைக்கிறது. பின்னால் வந்த ஆய்வுகள் நரம்பிலேயே வேறு சில வாங்கிகளையும் கண்டுபிடித்தன. வைரசுக்குத் திறக்கும் கதவு ஒன்று மட்டுமல்ல.

வாங்கியில் ஏதாவது வந்து ஒட்டினால் கலத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்த இடத்து மென்சவ்வு உள்பக்கமாகக் குழிந்து, குழி பையாகி, பை கழுத்து இறுகி உள்ளே விழும். உணவையும் இரும்புச்சத்தையும் கலம் இப்படித்தான் வாங்கிக்கொள்கிறது. 1980இல் ஐரோப்பாவில் அரி ஹெலேனியசும் காய் சைமன்சும் செம்லிக்கிக் காட்டு வைரசு என்ற ஒன்றைப் பின்தொடர்ந்து போய், வைரசும் இந்தப் பையில் ஏறித்தான் உள்ளே வருகிறது என்று நிறுவினார்கள். உள்ளே வந்த பைக்குக் கலம் சிறிது சிறிதாக அமிலம் ஏற்றும். வந்ததைச் செரிப்பதற்காக அது செய்கிற வேலை. வைரசு காத்திருப்பதும் அந்த அமிலத்துக்காகத்தான்.

காய்ச்சிய பாலில் தேசிக்காய் பிழிந்தால் திரிகிறதல்லவா? அமிலம் பட்டதும் புரதம் தன் நிலை மாறுகிறது. வைரசு முள்ளும் புரதம். பைக்குள் அமிலம் ஏறி, பிஎச் அளவு ஏறக்குறைய 6.3க்கு இறங்கியதும் முள் வளைந்து நிமிர்ந்து, தன் நுனியைப் பையின் சவ்வுக்குள் செருகி, இரண்டு கொழுப்புச் சவ்வுகளையும் இழுத்து ஒன்றோடொன்று சேர்க்கும். குழம்பின் மேல் மிதக்கும் இரண்டு எண்ணெய்க் கண்கள் தொட்டதும் ஒன்றாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒன்றானதும் வாசல் திறக்கும். உள்ளே இருந்த நூல் கலத்தின் உடலுக்குள் நழுவி விழும். விசர்நாய்க்கடி வைரசின் முள்ளில் ஒரு விசேஷம் உண்டு. திரிந்த பால் மறுபடி பாலாகாது. இந்த முள்ளோ, அமிலம் குறைந்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். புதிதாகச் செய்யப்பட்ட முள் கலத்தை விட்டு வெளியே வரும் பாதையிலும் அமிலமான இடங்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. அங்கே கெட்டுப்போகாமல் இருக்க இந்த ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எழுத்தறிவோ அறிவோ இல்லாத ஒன்றுக்குள் இவ்வளவு நுட்பம் எப்படிச் சேர்ந்தது என்று பல இரவு யோசித்திருக்கிறேன்.

இந்த அமிலத்தைக் குறைத்துவிட்டால் வைரசு பைக்குள்ளேயே அடைபட்டுவிடாதா என்று மாணவர் யாராவது கேட்பீர்கள். நல்ல கேள்வி. மலேரியாவுக்குக் கொடுத்த குளோரோகுயின் அதைத்தான் செய்யும். கொவிட் வந்த 2020இல் அதன்மேல் உலகமே நம்பிக்கை வைத்தது இதனால்தான். ஆனால் நுரையீரல் கலத்தின் வெளிப்புறத்தில் கொவிட் வைரசின் முள்ளை வெட்டித் தயார்செய்யும் ஒரு நொதியம் இருக்கிறது. அதன் உதவியால் வைரசு அமிலப் பையை நாடாமல் மேற்பரப்பிலேயே உள்ளே புகுந்துவிடும். பின்கதவைப் பூட்டியபோது முன்கதவு திறந்திருந்தது. நுழையும் வழியைச் சரியாக அறியாமல் கொடுக்கும் மருந்துக்கு நேரும் கதி அதுதான்.

இனி அந்த மூன்று மாதம். விசர்நாய்க்கடி வைரசு கடிவாயில் தசைக்குள் சில நாளோ சில வாரமோ தங்கும். பிறகு நரம்பு நுனிக்குள் பையோடு ஏறும். நரம்பின் உடல் முதுகுத்தண்டின் அருகில், நுனி விரலில். இடையே ஒரு மீட்டர் வரை நீண்ட இழை. இழைக்குள் நுண்குழாய்கள் தண்டவாளம்போல் போடப்பட்டிருக்கின்றன. அதன்மேல் டைனீன் என்ற இயக்கப் புரதம் சுமைகளை நுனியிலிருந்து நரம்பின் உடலை நோக்கி இழுத்துப் போகும். நம் கோச்சி கடைசி ஸ்டேஷனான பதுளையில் சாமான் ஏற்றிக்கொண்டு ஹாலிஎல, தெமோதரை என்று மேலே ஏறுகிறதே, அதுபோல. வைரசு உறை பிரியாத பார்சலாகவே அந்தப் பையில் பயணம் செய்கிறது என்று உயிருள்ள நரம்புக்கலங்களைப் படம்பிடித்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு நாளில் சில சென்டிமீட்டர் நகரும். நரம்பின் உடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே பார்சல் பிரிகிறது.

பிரிந்த நூலையும் கலம் உடனே வாசித்துவிட முடியாது. அது தலைகீழ் எழுத்து. அதை நேராக்கி எழுதும் நொதியத்தையும் வைரசே கூடவே சுமந்து வருகிறது. எழுதி முடித்ததும் கலத்தின் தொழிற்சாலை அந்த ஐந்து புரதங்களையும் செய்யத் தொடங்கும். இந்த வேலை நடக்கும் இடங்கள் மூளைக்கலங்களில் சிறு உருண்டைகளாகத் தெரியும். 1903இல் இத்தாலியரான அடெல்கி நெக்ரி நுணுக்குக்காட்டியில் கண்ட அந்த உருண்டைகளுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. சந்தேகமான நாயின் தலையை ஐஸில் வைத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பச் சொல்வது மூளையைச் சோதிக்கத்தான். எங்கள் செவலையின் தலை தேயிலைக்குக் கீழே கிடந்தது. அனுப்பியிருந்தால் மாமாவுக்கு மூன்று மாத அவகாசம் கிடைத்திருக்கும்.

மூளையிலிருந்து வைரசு மறுபடியும் நரம்பு வழியாக எச்சில் சுரப்பிக்கு இறங்கும். விழுங்கும் வேலையை ஆளும் மூளைப்பகுதி கெட்டுப்போவதால் தண்ணீர் உதட்டைத் தொட்டதும் தொண்டை இழுக்கும். அந்தக் கட்டத்தில் எந்த மருந்தும் இல்லை. உலகம் முழுவதிலும் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

வாசல் தாண்டும் முன் தடுக்க வேண்டும் என்ற இந்தப் பாடத்தை உலகம் நம் பதுளை மாவட்டத்தில்தான் ஒருமுறை பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பிச் செடியின் இலையில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. அது வைரசு அல்ல, பூஞ்சணம். இருபது ஆண்டுக்குள் இலங்கைக் கோப்பி வீழ்ந்து, நம் முன்னோர் வெட்டிய மலைகளில் தேயிலை ஏறியது. 1880இல் இங்கிலாந்திலிருந்து வந்த இளம் தாவரவியலாளர் ஹரி மார்ஷல் வார்ட் இலையோடு இலையாக உட்கார்ந்து பார்த்தார். பூஞ்சண வித்து ஒரு பனித்துளியில் முளைத்து, இலையின் அடிப்புறத்துத் துளை வழியாகக் குழாய் விட்டு உள்ளே நுழைவதைக் கண்டார். நுழைந்துவிட்டால் மருந்து எட்டாது, முளைக்கும் நேரத்தில் இலைமேல் மருந்து இருக்க வேண்டும் என்றார். துரைமாருக்கு அது ஏமாற்றமாக இருந்தது. அவர்கள் கேட்டது நோயைத் துடைத்தெறியும் மருந்தை. 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தபோது கொழுந்துக்குச் செம்பு மருந்து அடித்துத் தேயிலையைக் காப்பாற்றியதும் அதே வழியில்தான். மருந்து அடித்த கைகள் இந்த மண்டபத்திலும் இருக்கின்றன. கொழுந்துக்குச் செய்ததை நம் பிள்ளைகளின் காலுக்கும் செய்ய வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது கொழுப்பு உறைக்கு வருகிறேன். மேசையில் இருக்கும் இந்தச் சட்டி இன்று மத்தியானம் கருவாடு பொரித்த சட்டி. வெறும் தண்ணீர் ஊற்றினால் பிசுக்கு அப்படியே நிற்கிறது, பாருங்கள். சவர்க்காரம் போட்டுத் தேய்த்ததும் விட்டுப் போகிறது. வைரசின் உறையும் கொழுப்புத்தான். சவர்க்காரம் பட்டதும் உறை பிய்ந்து முட்கள் சிதறும்; முள் இல்லாத வைரசு எந்த வாங்கியிலும் ஒட்ட முடியாது. ஓடும் தண்ணீர் மிச்சத்தை அடித்துக்கொண்டு போகும். பதினைந்து நிமிஷம் கழுவச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்குத் தண்ணீர் கொட்டும் பீலியைவிடச் சிறந்த இடம் வேறில்லை. கோப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், புகையிலை எதுவும் வேண்டாம். அவை காயத்தைப் புண்ணாக்கும், வைரசை உள்ளேயே மூடி வைக்கும்.

கழுவியதோடு நிற்கக்கூடாது. வைத்தியசாலையில் ஆழமான கடிக்குக் காயத்தைச் சுற்றிச் சீரம் ஏற்றுவார்கள். அதில் தயாராகச் செய்த பிறபொருளெதிரிகள் இருக்கின்றன. அவை முட்களைப் போர்த்தி மூடிவிடும். வாங்கியும் முள்ளும் சந்திக்க முடியாது. தடுப்பூசி நம் உடம்பையே பிறபொருளெதிரி செய்யப் பழக்கும். அதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால்தான் குறித்த நாள்களில் பல தவணை. எல்லாமே பார்சல் தண்டவாளத்தில் ஏறும் முன் நடக்க வேண்டிய வேலைகள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு வாங்குவதில்லை.

வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் மூத்தவர்கள் மனதில் இன்னும் இருக்கிறது. அது 1911இல் வட இந்தியாவின் கசௌலியில் டேவிட் செம்பிள் செய்த, விலங்கு மூளையிலிருந்து எடுத்த மருந்து. பல உயிர்களைக் காத்தது. சிலருக்கு நரம்பைப் பாதித்ததும் உண்மை. இன்றைய மருந்து ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களில் செய்தது; கையில் போடுவார்கள். தூரத்தின் கொடுமையையும் மலைநாடு அறியும். 1902இல் நீலகிரியில் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் விசர்நாய் கடித்து இறந்தார். சிகிச்சை இருந்தது, ஆனால் வடக்கே வெகுதூரத்தில் இருந்த கசௌலியில் இருந்தது. அந்தச் சாவுக்குப் பிறகு, 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். ஹாலிஎலயிலிருந்து பதுளை வைத்தியசாலை அவ்வளவு தூரமில்லை.

இலங்கையில் 1973இல் மட்டும் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். இப்போது ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. நாய்களுக்கு ஊசி போட்டவர்களும், கடிபட்டவர்களுக்கு ஊசி போட்டவர்களும் செய்த பெரிய காரியம். ஆனால் மிச்சமுள்ள அந்த இருபது முப்பது பேரும் காப்பாற்றியிருக்கக் கூடியவர்கள். பெரும்பாலும் ஊசிக்கு வராதவர்கள், அல்லது நடுவில் விட்டவர்கள்.

நடுவில் ஏன் விடுகிறார்கள்? இங்கே இருக்கும் தாய்மாருக்கு விடை தெரியும். போன வருஷக் கடைசியில் என் தங்கையின் மகளைப் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு நாய்க்குட்டி கெண்டைக்காலில் கடித்தது. எங்கள் அம்மா அப்போதுதான் உலை வைத்திருந்தார். பிள்ளையை இழுத்துக்கொண்டு பீலிக்குப் போனார். துணி துவைக்கிற சவர்க்காரத்தால் தேய்த்துத் தேய்த்துத் தண்ணீரில் காலைப் பிடித்தார். பிள்ளை குளிரில் நடுங்கி அழுதது. பக்கத்து வீட்டுக்காரி வந்து "உலை கொதிச்சு வழியுதுங்க" என்று சொல்லும் வரைக்கும் அவர் பிடியை விடவில்லை. அன்று மாலையே ஊசி போட்டார்கள். கையில் ஓர் அட்டை கொடுத்தார்கள், நான்கு தேதிகள்.

இரண்டாவது தேதிக்குத் தங்கை பிள்ளையைக் கூட்டிப் போனாள். திரும்பி வந்தபோது அன்றைய பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விட்டது. மூன்றாவது தேதிக்கு அரைப்பேராவது கிடைக்கும் என்று காலையில் மலைக்குப் போய், கொழுந்து எடுத்துவிட்டு ஓடி வந்து பஸ் பிடித்தாள். வாசலை அடைக்கும் மருந்து இருக்கிறது, இலவசமாக இருக்கிறது, பக்கத்தில் இருக்கிறது. அதற்கும் பிள்ளைக்கும் நடுவே நிற்பது தாயின் ஒரு நாள் சம்பளம். தோட்ட நிர்வாகத்தில் இருப்பவர்களும் சங்கத்தில் இருப்பவர்களும் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த அட்டையைப் பாருங்கள், என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. மூன்று தேதிகளுக்கு நேரே கையெழுத்து இருக்கிறது. நான்காவது தேதி வருகிற வியாழக்கிழமை. அன்று அந்தத் தாய்க்கு முழுப்பேர் போடுவீர்களா என்று கேட்டு அமர்கிறேன்.